மொட்டைக்குப் பின் முடி வளர்க்கும் காலம்: உச்சியை விடுங்கள், பிடரியை வெட்டுங்கள்

சென்ற தைப்பூசத்தின்போது வேண்டுதலுக்காகப் பழனியில் முடி இறக்கிக்கொண்டதாகவும், ஏழு மாதங்கள் ஆகியும் தலை எந்தச் சீப்புக்கும் அடங்காமல் நிற்பதாகவும், வரும் தை மாதத்தில் தம்பியின் திருமணம் இருப்பதால் அதற்குள் பின்னல் போடும் அளவுக்கு முடி வளர வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு முறை மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று உங்கள் மாமியார் சொல்வதையும், எந்த எண்ணெய் நல்லது, பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா என்ற கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கு முடி வெட்டி வருபவள் நான். சமயபுரத்தில் ஒரு முறையும் திருப்பதியில் ஒரு முறையும் நானே முடி கொடுத்து, நீங்கள் இப்போது கடக்கும் மாதங்களை இரண்டு முறை கடந்திருக்கிறேன். ஆகவே தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தலைமுடி சராசரியாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை வளரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் முடி இப்போது சுமார் 8 சென்டிமீட்டர் இருக்கும். திருமணத்தின்போது 14 சென்டிமீட்டரைத் தொட்டிருக்கும். உச்சிச் சுழியிலிருந்து புறப்படும் ஒரு முடி பிடரியின் விளிம்பை எட்டுவதற்கே 18 முதல் 20 சென்டிமீட்டர் வேண்டும். முன்நெற்றியில் முளைத்த முடியைப் பின்னால் வாரி ஒரு பின்னலுக்குள் கொண்டுசேர்க்க வேண்டுமானால் அதற்கு 30 சென்டிமீட்டராவது தேவை. எனவே தம்பியின் திருமணத்துக்குள் உங்கள் சொந்த முடியில் மூன்று கால் எடுத்துப் பின்னுவது நடக்காது. அதற்கு முழுதாக இரண்டு ஆண்டுகள், சிலருக்கு இரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இது தெரியாதவர்கள்தான் நான்காம் மாதத்தில் எண்ணெயை மாற்றி, ஆறாம் மாதத்தில் மாத்திரை வாங்கி, எட்டாம் மாதத்தில் மனம் வெறுத்து மறுபடியும் ஒட்ட வெட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மொட்டை வேண்டாம். பெரியவர்கள் அன்போடு சொல்வதுதான், ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பிழை புரியும். குழந்தைக்கு முதல் மொட்டை போட்ட பிறகு பூனைமயிர் போலிருந்த முடி கருத்து அடர்ந்து வருவதைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கின்றன. அந்த வயதில் மென்முடி போய்த் திடமான முடி வருவது இயல்பாக நடப்பது. மொட்டை போடாத குழந்தைக்கும் அப்படித்தான் வரும். வளர்ந்தவர்களின் தலையில் மொட்டைக்குப் பின் தோன்றும் அடர்த்திக்குக் காரணம் வேறு. வெட்டுப்படாத முடியின் நுனி வேல் போல மெலிந்து முடியும்; கத்தி பட்ட முடியின் முனையோ மழுங்கலாக, அடிப்பகுதியின் முழுப் பருமனோடு நிற்கும். அதனால்தான் முளைத்து வரும் முடியை உள்ளங்கையால் தடவினால் பிரஷ் போலச் சொரசொரப்பாக இருக்கிறது, கண்ணுக்கும் தடித்துத் தெரிகிறது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர், சவரம் செய்வதால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார். முடியின் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்ப்பையில் இருக்கிறது. மேலே கத்தி பட்டது அதற்குத் தெரியாது. இப்போது மறுபடியும் மழித்தால் உங்களுக்குக் கிடைப்பது அடர்த்தி அன்று. கையிலிருக்கும் 8 சென்டிமீட்டரை இழந்து, திருமணத்துக்கு 6 சென்டிமீட்டர் முடியோடு போய் நிற்பீர்கள்.

மொட்டைக்குப் பிறகு முடி சுருள் சுருளாக வருகிறது என்றும் பலர் கவலைப்படுவது உண்டு. பெரும்பாலும் அது முன்பே இருந்த நெளிவுதான். இடுப்புவரை தொங்கிய காலத்தில் தன் பாரமே அதை இழுத்து நேராக்கி வைத்திருந்தது. இப்போது இழுக்கப் பாரம் இல்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் மொட்டைக்குப் பிந்தைய மாதங்களைத் தாங்க முடியாததாக்குவது முடியின் குட்டை நீளம் அன்று. தலை முழுவதும் முடி ஒரே நீளத்தில் இருப்பதுதான் தொல்லை. மொட்டை போட்ட தலையில் உச்சியிலும் பிடரியிலும் ஒரே நாளில் முளைத்து, ஒரே வேகத்தில் முடி வளர்கிறது. ஆனால் பிடரியின் விளிம்பிலிருந்து தோள் ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், அங்கே முளைத்த முடி ஏழாம் மாதத்திலேயே ரவிக்கையின் கழுத்து விளிம்பைத் தொட்டு, அதில் மோதி வெளிப்பக்கமாக வளைந்துகொள்கிறது. அதே நேரத்தில் உச்சியில் இருக்கும் முடி தன் பாரத்தால் படியும் அளவுக்கு நீளாமல், சுழியைச் சுற்றி நிமிர்ந்து நிற்கிறது. கீழே வால், மேலே முள். கண்ணாடியில் உங்களை வருத்தும் தோற்றம் இந்த இரண்டும் சேர்ந்தது. தைலம் எதுவும் இதைச் சரிசெய்யாது. கத்தரிக்கோல் சரிசெய்யும்.

முடி வளர்க்கிறேன், ஒரு இழைகூட வெட்ட மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: உச்சியைத் தொடாதீர்கள், பிடரியை மட்டும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டிக்கொள்ளுங்கள். இதனால் நீளம் வீணாகிவிடாதா என்ற கேள்வி எழும். வீணாகாது என்பதை நீங்களே ஒரு நூலை வைத்து அளந்து பார்க்கலாம். உச்சிச் சுழியில் நூலின் ஒரு முனையை வைத்துப் பின்னந்தலை வழியாகப் பிடரியின் விளிம்பு வரை பிடியுங்கள். அந்த 18, 20 சென்டிமீட்டர் தூரத்தையும் உச்சி முடி வளர்ந்தே கடந்தாக வேண்டும். பிடரி முடிக்கு அந்தப் பயணமே இல்லை. அது பந்தயத்தில் முடிவுக்கோட்டின் அருகே நிறுத்தப்பட்ட குழந்தையைப் போன்றது. தொங்கும் மட்டத்தைப் பொறுத்தவரை பிடரி எப்போதும் உச்சியை முந்தியே இருக்கும் என்பதால், அதை வெட்டி நிறுத்திவைத்து மேலே உள்ள முடி வந்துசேரும்வரை காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை. உங்கள் கணக்கில் மொட்டை போட்டதிலிருந்து பதினாறாம் மாதம் அளவில் உச்சி முடி பிடரியை எட்டும். அன்று பிடரியை வெட்டுவதை நிறுத்திவிட்டால் தலை முழுவதும் ஒரே மட்டத்தில், ஒழுங்கான பாப் வெட்டாக இறங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு தோள்வரை வளர்வதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டியிருக்காது.

முடி வெட்டும் இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. முடி வளர்த்துக்கொண்டிருக்கிறேன், பிடரியின் விளிம்பை மட்டும் கழுத்தோடு ஒட்டி ஒழுங்குபடுத்துங்கள், காதுக்கு மேல் கை வைக்க வேண்டாம் என்று உட்காருவதற்கு முன்பே சொல்லுங்கள். காதோர முடி காதின் மேல் குடை போல விரிந்து நிற்கும் இந்தக் கட்டத்தில் அதையும் வெட்டிவிடச் சொல்லத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றிரண்டு மாதங்களில் அது காதுக்குப் பின்னால் ஒதுங்கும் நீளத்தை அடைந்துவிடும். பக்கவாட்டில் பொம்மென்று இருக்கிறது, சற்று மெலிதாக்கட்டுமா என்று கேட்டு, பல்லுள்ள மெலிக்கும் கத்தரிக்கோலை எடுப்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது உள்ளுக்குள் ஆங்காங்கே முடியைக் குட்டையாக்கும். அன்றைக்குப் படிந்தது போலத் தோன்றினாலும், அந்தக் குட்டை முடிகள் இரண்டே மாதங்களில் மேலே உள்ள முடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி முன்பைவிட அதிகமாக நிமிரச் செய்யும். லேயர் வெட்டும் இப்போது வேண்டாம். அதைத் தோள் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வகிடு எடுப்பதிலும் ஒரு சிறு மாற்றம் பெரிதாக உதவும். இவ்வளவு காலம் நடுவகிடு எடுத்துப் பழகிய தலையாக இருந்தாலும், இந்த ஓராண்டுக்குக் கோண வகிடு எடுங்கள். குளித்தபின் முடி அரைகுறையாக ஈரமாக இருக்கும்போதே வகிடு எடுத்து, நிமிரும் பக்கத்தைக் கையால் படியவைத்து, இரண்டு டிக்டாக் கிளிப்புகளைப் பத்து நிமிடம் குத்தி வையுங்கள், உலர்ந்தபின் எடுத்துவிடலாம். ஈரத்தில் எந்த வடிவத்தில் பிடித்து வைக்கிறோமோ அந்த வடிவத்திலேயே உலர்வது முடியின் இயல்பு. ஆனால் ஈரமுடி வழக்கத்தைவிட அதிகமாக இழுபடக்கூடியது, எளிதில் அறுந்தும் போகும் என்பதால், அந்த நேரத்தில் நெருக்கமான பற்களுள்ள சீப்பால் இழுக்காதீர்கள். பெரிய பல் சீப்பு போதும்.

இழுப்பது என்றதும் என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமயபுரத்தில் முடி கொடுத்து ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில் உறவில் ஒரு வளைகாப்பு வந்தது. குட்டை முடியோடு புகைப்படத்தில் நிற்கக் கூசி, அதை முன்நெற்றியிலிருந்து வெடுக்கென்று பின்னால் இழுத்துக் கட்டி, அதில் கனமான சவுரியைத் தொங்கவிட்டேன். அன்று ஒரு நாளோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அழகாக இருக்கிறது என்று நான்கு பேர் சொன்னதைக் கேட்டு, அடுத்த மூன்று மாதங்கள் தினமும் அப்படியே கட்டினேன். நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி மெலிந்து தோல் தெரியத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். தொடர்ந்த இழுப்பால் வேர்ப்பை நலிந்து முடி உதிர்வது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். எனக்குத் திரும்ப வந்தது. ஆனால் வலது ஓரத்தில் அது நிறைவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எனவே கட்டிய பிறகு தலை வலித்தாலோ, நெற்றித் தோல் விறைத்து இழுப்பது போல இருந்தாலோ, எந்த விசேஷமாக இருந்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. முடி வளரும் வேகத்தைக் கூட்டும் எண்ணெய் என்று எதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது. வேகத்தைத் தீர்மானிப்பது வேர்ப்பை, அங்கே மேலிருந்து ஊற்றும் எண்ணெய் உணவாகப் போய்ச் சேர்வதில்லை. அதற்காகத் தேங்காய் எண்ணெயை ஒதுக்கவும் சொல்ல மாட்டேன். அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவக்கூடியது என்பதும், தலை குளிக்கும் முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கழுவிக்கொண்டு போவது குறைகிறது என்பதும் 2003ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்றில் காட்டப்பட்டது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் இந்தப் பண்பு இல்லை. அதாவது தேங்காய் எண்ணெய் புதிதாக முடியை வளர்ப்பதில்லை, வளர்ந்த முடியைக் காப்பாற்றுகிறது. இன்று உங்கள் தலையில் நுனியாக இருக்கும் பகுதி, நான்கு ஆண்டுகள் கழித்தும் உங்கள் பின்னலின் நுனியாகத் தொங்கப்போகும் பகுதி. அதுவரை அது பிளவுபடாமல் இருக்க வேண்டுமல்லவா? குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி தடவினால் போதும். குட்டை முடியில் நாள் முழுவதும் எண்ணெய் வழிய விட்டால் தூசி படிந்து, முடி கற்றை கற்றையாகப் பிரிந்து, உள்தோல் தெரிந்து, இருக்கும் அடர்த்தியும் இல்லாதது போலத் தோன்றும். பொடுகு உள்ளவர்களுக்கு ஊறும் எண்ணெய் அதை வளர்க்கவும் செய்யும்.

பயோட்டினைப் பற்றி: அது பி வைட்டமின் வகையைச் சேர்ந்த ஒரு சத்து. உடலில் அதன் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் முடி வேகமாக வளரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. அதோடு, அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் தைராய்டு, இதயம் தொடர்பான சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவே தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஆகவே இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தில் இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது மேல். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்தும் தைராய்டும் சரியில்லாத உடலில் முடிக்கு மட்டும் எப்படி ஊட்டம் கிடைக்கும்? பருப்பு, முட்டை, மீன், கீரை என்று வழக்கமான உணவையே வயிறாரச் சாப்பிடுங்கள். விரதம் என்றும் எடைக்குறைப்பு என்றும் இந்த ஆண்டு உடலை வாட்டாதீர்கள். கடுமையான காய்ச்சலோ பிரசவமோ பட்டினியோ நேர்ந்தால் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். காரணம் பழையதாகிவிட்டதால் பலரும் அதை ஷாம்புவின் மேல் போட்டுவிடுகிறார்கள். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளது. அதற்காகப் பதற வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் அழகு நிலையத்துக்கு அன்று, தோல் மருத்துவரிடம் போக வேண்டும். காசு அளவில் வட்டமாக முடி வராத இடம் தெரிந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். பெயரில்தான் புழு இருக்கிறதே தவிர, உடலின் எதிர்ப்பாற்றல் தன் வேர்ப்பைகளையே தாக்குவதால் வருவது அது. வெங்காயச் சாற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவதைவிட உடனே மருத்துவம் பார்ப்பது நல்லது. செதிலோடு அரித்துக்கொண்டு பரவும் திட்டு பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அது வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் ஒட்டும். முடி இறக்கியபோது கத்தி பட்ட இடத்தில் சீழ்க் கொப்புளங்கள் வந்து தழும்பாகியிருந்தால் அதையும் காட்டிவிடுங்கள், தழும்பில் முடி முளைக்காது. வகிடு மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போனால் அதுவும் தாமதிக்கக் கூடாத ஒன்று. மொட்டைக்குப் பிந்தைய மாதங்களில் உள்தோல் நன்றாகத் தெரிவதால், நீண்ட முடிக்குள் ஒளிந்திருந்த இத்தகைய சிக்கல்கள் முதல்முறையாகக் கண்ணில் படுவதும் உண்டு.

திருமணத்துக்கு வருவோம். இன்றிலிருந்து கணக்கிட்டால் பிடரி வெட்டு மூன்று முறை வரும். முதல் வெட்டை இந்த வாரமே முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரியும். இரண்டாவது ஐப்பசியில், மூன்றாவது மார்கழியில் திருமணத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பு. வெட்டிய மறுநாளே விசேஷத்துக்குப் போகக் கூடாது, விளிம்பு கூர்மையாகத் தெரியும். இரண்டு வாரம் விட்டால் இயல்பாகப் படிந்துவிடும்.

அன்று சவுரி வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டார் வற்புறுத்தினால், உச்சிக்குப் பின்னால் உள்ள 14 சென்டிமீட்டர் முடியைப் பின்னந்தலையில் ஒரு குட்டிக் கொண்டையாகத் திரட்டி, அதில் எடை குறைந்த சவுரியைப் பிணைக்க முடியும். முன்பக்க முடியை இழுக்காமல் கோண வகிடெடுத்து ஸ்லைடால் ஒதுக்குங்கள். பிடரியின் குட்டை முடியைச் சிறு ஊசிகளால் மேல்நோக்கிச் செருகிவிட்டால் பூச்சரம் அதை மறைத்துவிடும். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்ட கையோடு கழற்றிவிட வேண்டும், மாலை வரவேற்புவரை சுமக்கக் கூடாது. உங்கள் சவுரியை உங்கள் பழைய முடியின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். புதிதாக வந்த முடி வெயிலில் பழுப்பேறாததால் இன்னும் கருப்பாக இருக்கும், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால், சவுரியே வேண்டாம் என்பேன். ஓராண்டு முடியை ஒழுங்காகக் கோண வகிடெடுத்துப் படிய வாரி, நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தை ஒரு காதின் பின்புறத்திலிருந்து பின்னந்தலையைச் சுற்றி மறு காதுவரை, ஹேர்பேண்டைப் பின்பக்கமாகப் போட்டது போல வளைத்து, நான்கு இடங்களில் கருப்பு ஊசியால் குத்தினால் பட்டுப்புடவைக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும். ஜிமிக்கி முழுதாகத் தெரியும், ரவிக்கையின் பின்கழுத்து வேலைப்பாடும் மறையாது. சென்ற ஆண்டு ஒரு நாத்தனார் முடிச்சுக்கு வந்த பெண்ணுக்கு இப்படித்தான் வைத்து அனுப்பினேன். சரம் இரண்டு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு முடியில் ஊசி வழுக்கும் என்பதால் முந்தின நாள் தலை குளித்துவிட்டு, அன்று காலையில் எண்ணெய் வைக்காமல் விடுங்கள். ஊசியை நேராகக் குத்தாமல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் பெருக்கல் குறி போலச் செருகினால் தாலி கட்டி முடிந்து, பந்தி பரிமாறி, கைகழுவி வரும்வரை சரம் அசையாது.